நஞ்சும் மருந்தும் ஒன்றே
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு, ரயில்வேயில் கணக்கெழுதி வரும் நாம் விஞ்ஞானம் பேச முன்வந்தது துணிச்சலே, பொறுத்தருள்க.

தடாவிலிருந்து பழவேற்காட்டு ஏரிப் பக்கம் சென்றால், நீர் வற்றிய சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் எழும். மூக்கைப் பொத்திக்கொண்டு விரைகிறோம். அதுதான் ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் நச்சு வாயு.

வியப்பு யாதெனில், இதே வாயுவை மிகச் சிறிய அளவில் நம் உடலும் உண்டாக்குகிறது. மூளையில் இது பணி செய்வதை 1996ஆம் ஆண்டு ஜப்பானியரான அபே, கிமுரா இருவரும் எடுத்துக்காட்டினர். இதனை உண்டாக்கும் நொதியொன்று இல்லாத எலிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியதை 2008இல் கண்டனர். இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது இதன் தொழில்களுள் ஒன்று. நசுக்கிய பூண்டிலுள்ள கந்தகப் பொருள்களிலிருந்து நம் சிவப்பணுக்கள் இவ்வாயுவைப் பிரித்தெடுப்பதும் 2007இல் தெளிவாயிற்று. நம் பாட்டிமார் பூண்டைப் போற்றியது வீண்போகவில்லை!

வாயுவையே மருந்தாகக் கொடுத்தல் இயலாது. ஆகவே, உடலுக்குள் சென்றபின் அதனை மெல்ல மெல்ல வெளியிடும் கூட்டுப்பொருள்களைச் செய்கின்றனர். அத்தகைய பொருளொன்று, உயிரணுக்களில் உறங்கும் எச்.ஐ.வி. கிருமி மீண்டும் விழிக்காமல் தடுப்பதைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 2021இல் ஆய்வுக்கூடத்தில் கண்டனர். கனடாவில் நேப்ராக்ஸன் என்னும் வலிநீக்கியோடு இவ்வாயுவை வெளியிடும் பகுதியை இணைத்தனர். 2018இல் வெளிவந்த சோதனை முடிவில், வெறும் நேப்ராக்ஸன் உண்டவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு வயிற்றுப்புண் கண்டது. புதியதை உண்டவர்களிலோ நூற்றுக்கு மூவருக்கும் குறைவே. ஆயினும் 2021இல் நடந்த வேறொரு சோதனையில் ஈரல் நொதிகள் உயரவே, அதனை இடையில் நிறுத்தினர். நம்பிக்கை உண்டு; அவசரம் கூடாது. பூண்டை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவோர் தமக்கே தீங்கிழைப்பர்.

முடிவாக ஒன்று. சாக்கடைக் குழியிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி மாளும் ஏழைத் தொழிலாளர் பலரின் உயிரைக் குடிப்பதும் இதே வாயுதான். அளவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாக எண்ணி உள்ளே இறங்குவர். மயங்கியவரைத் தூக்கச் சென்றவரும் மடிவர். ஆதலால் நம் காலனியில் எவரையும் தொட்டிக்குள் இறங்கச் சொல்லாதிருப்போம். இயந்திரத்தைக் கொண்டே சுத்தம் செய்விப்போம். 2013ஆம் ஆண்டுச் சட்டமும், காப்பின்றி எவரையும் இறக்கலாகாதென்றே விதிக்கிறது.

நஞ்சாவதும் மருந்தாவதும் அளவினால். அளவறிந்து வாழ்வோமாக.