காட்டாமணக்கு போச்சு, மக்காச்சோளம் வந்தது – கணக்கு யார் கையில்?

(கரிசல் மானாவாரி விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)



காட்டாமணக்கை மறந்திருக்க மாட்டீங்க. தரிசுல வரும், தண்ணி வேண்டாம், டீசலே காய்க்கும்னு 2003-க்குப் பிறகு சொல்லாத ஆளில்லை. பயோடீசல் லிட்டருக்கு 25 ரூபாய் என்று 2005 அக்டோபரில் பெட்ரோலிய அமைச்சகம் அறிவித்தது. விதைக்கு விலை வச்சாங்களா? ஒரு லிட்டருக்கு மூணு நாலு கிலோ விதை வேணும். காயும் ஒண்ணுபோலப் பழுக்காது. திரும்பத் திரும்பப் பறிக்கணும். பறிகூலி, ஆட்டுகூலி கழிச்சா மிச்சம் என்ன? தண்ணி காட்டாத இடத்துல காய்ப்பே இல்லை. புண்ணாக்கையாவது மாட்டுக்கு வைக்கலாம்னா, அது விஷம்.

கரும்பு? ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் அந்தப் பேச்சே வேண்டாம்.

இப்ப மக்காச்சோளம். மழையை நம்பி நாம போடுற பயிர், தட்டை மாட்டுக்கு ஆகும். மூணுல இதுதான் தேவலை. எத்தனாலுக்குப் போகட்டும், நாம எதிர்க்கல. கணக்கை மட்டும் கேளுங்க. 2024-25-ல் மக்காச்சோள எத்தனாலுக்கு அரசு எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. ஒரு குவிண்டாலில் சுமார் 38 லிட்டர் இறங்கும். ஆக 2,730 ரூபாய். சக்கை கோழி, மாட்டுத் தீவனமாகத் தனியே விலை போகும். அந்த வருஷம் நமக்கு ஆதார விலை 2,225. ஆலைக்குச் செலவு இருக்கு, மறுக்கல. ஆனா ஆலைக்கு விலை உறுதி. நமக்கு ஆதார விலை காகிதத்தில். கொள்முதல் நிலையம் இல்லாத ஊரில் வியாபாரி சொன்னதுதான் விலை. 2018-ல் படைப்புழு வந்த பிறகு மருந்துச் செலவு வேற ஏறிக்கிடக்கு.

அதுக்குமேல, வழக்கமா 50 சதவீதத் தீர்வை உள்ள மக்காச்சோளத்தை 15 சதவீதத்தில் சுமார் 5 லட்சம் டன் இறக்குமதி செய்ய 2024 ஜூனில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. தூத்துக்குடித் துறைமுகம் நமக்குக் கூப்பிடு தூரம். அறுவடை நேரத்தில் கப்பல் வந்து நின்னா களத்து விலை என்னாகும்?

அதனால கேட்கிறோம்: தை பிறக்கும் முன்னே ஆதார விலைக்குக் கொள்முதல் நிலையம் திற! அறுவடை மாதங்களில் சலுகைத் தீர்வை இறக்குமதியை நிறுத்து! எத்தனால் விலையை உயர்த்தினால் அதே நாளில் சோளத்துக்கும் உயர்த்து!

மனு வாசலில் இருக்கு. பட்டா எண்ணோடு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.