டீக்கடையில பேசுறதை மீட்டிங்ல ஏன் பேச மாட்டேங்கிறோம்?

இந்த வாரம் பேசப் போறது, ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச, ஆனா யாரும் வாயைத் திறக்காத பிரச்சினைகளைப் பத்தி.

ஓஎம்ஆர்ல எந்த ஐடி கம்பெனிய எடுத்தாலும் பக்கத்துல ஒரு டீக்கடை இருக்கும். உண்மையான ரெட்ரோ அங்கதான் நடக்கும். மேல மீட்டிங்ல "வேற ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டா மொத்த டீமும் மியூட். பத்து நிமிஷத்துல கீழ இறங்கி டீ சொன்ன உடனே, "மச்சி, இந்த டேட்டுக்கு இது முடியவே முடியாது." உண்மை வெளிய வர்ற இன்னொரு இடம் எக்ஸிட் இன்டர்வியூ. மூணு மாசம் நோட்டீஸ் பீரியட் முடிச்சு, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கிற அன்னைக்கு மனசுல இருக்கிறதெல்லாம் கொட்டுவோம். அதை வச்சு யாருக்கு என்ன லாபம், சொல்லுங்க?

இதுக்கு எல்லாரும் சொல்ற காரணம், தைரியம் இல்லை. அப்ரைசல் பயம், "நமக்கெதுக்கு வம்பு". அதெல்லாம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா நிறைய நேரம் விஷயத்தை யாரோ சொல்லித்தான் இருப்பாங்க. கேக்கிறவங்க காதுல விழாத மாதிரி சொல்லியிருப்பாங்க.

கொலம்பியா விண்கலத்தையே எடுத்துக்கோங்க. கல்பனா சாவ்லா போனது. 2003 ஜனவரி 16, கிளம்பி 82 வினாடி இருக்கும், எரிபொருள் டேங்க்ல இருந்து ஒரு ஃபோம் துண்டு கழன்டு வந்து இடது இறக்கையில அடிச்சுது. அடிச்சது ரகசியம் இல்லை. மறுநாளே வீடியோவுல பாத்துட்டாங்க. ஹூஸ்டன்ல ராட்னி ரோச்சான்னு ஒரு நாசா பொறியாளர், இறக்கைய படம் எடுத்துப் பாக்கணும்னு கேட்டார். கிடைக்கல. அப்புறம் ரொம்பக் காட்டமா ஒரு ஈமெயில் எழுதினார். எழுதி, பிரிண்ட் எடுத்து, கூட வேலை செய்றவர்கிட்ட காட்டினார். மேல அனுப்பல. மேலதிகாரிகளைத் தாண்டிப் போக வேண்டாம்னு நினைச்சேன்னு பின்னாடி சொன்னார்.

இந்த மெயில் கதை உங்கள்ல சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அதைவிட உறுத்தறது ஒரு ஸ்லைடு. சேதம் எவ்வளவுன்னு கணக்குப் போட்ட டீம் தயாரிச்சது. தலைப்பைப் படிச்சா, நம்ம கணக்குல பாதுகாப்புக்கு இடம் விட்டிருக்கோம், பயப்பட ஒண்ணுமில்லைங்கிற தோரணை. அதே ஸ்லைடோட கடைசி வரிகள்ல, ஒரு குட்டி புல்லட்ல, சோதனையில பயன்படுத்தின துண்டு 3 கன அங்குலம், ஃபோம் கழன்ட பாகம் 1920 கன அங்குலம்னு இருக்கு. 640 மடங்கு! அப்போ அந்த சோதனை முடிவை வச்சு எதையும் உறுதியா சொல்ல முடியாதுன்னுதான் அர்த்தம். தலைப்புல வந்திருக்க வேண்டிய வரி அது. பிப்ரவரி 1, திரும்பி வரும்போது விண்கலம் உடைஞ்சு ஏழு பேரும் இறந்தாங்க. விசாரணைக் குழுவோட அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியா எடுத்து அலசியிருக்கு.

நம்ம வேலையில உயிர் போகாது, சரி. ஆனா அந்தக் கடைசி புல்லட் நம்ம எல்லார் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்லயும் இருக்கு. மேல பச்சை கலர், கீழ சின்னதா "சில டிபெண்டன்சி உண்டு."

என் பழைய டீம்ல ஒரு சீனியர் இருந்தார், அண்ணான்னுதான் கூப்பிடுவோம். அவர்கிட்ட கோட் ரிவ்யூ போனா திரும்பி வராது. "அண்ணாவுக்கு ஈகோ"ன்னு டீக்கடைத் தீர்ப்பு எழுதியாச்சு. ஒருநாள் அவரைத் தனியா கூப்பிட்டேன். "ஏன் லேட் பண்றீங்க"ன்னு ஆரம்பிக்கல. "அண்ணா, போன ரெண்டு ஸ்பிரிண்ட்ல ஒன்பது ரிவ்யூ உங்ககிட்ட வந்துச்சு, ஒவ்வொண்ணும் நாலு நாளுக்கு மேல ஆகுது. என்ன ஆச்சு?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். கஷ்டமே அந்த மௌனம்தான், நிரப்பணும்னு நாக்கு துடிக்கும்.

"நைட்டு ரெண்டு மணி வரைக்கும் கிளையன்ட் கால்ல இருக்கேன்டா. அஞ்சு மாசமாச்சு. காலையில கோடைப் பாத்தா ஒண்ணும் மண்டையில ஏறல"ன்னார். அப்புறம், "இதை யார்கிட்டயும் சொல்லாத."

நான் சொல்லலை. "ஆனா நீங்க மேனேஜர்கிட்ட சொல்லணும்ணா"ன்னேன். மூணு நாள் என்கூட சரியா பேசல. நாலாவது நாள் அவரே வந்தார். சேர்ந்து உக்காந்து மூணு வரி எழுதினோம். முதல் வரியில எத்தனை ராத்திரி, எத்தனை மணி நேரம். ரெண்டாவது வரியில அதனால எது நிக்குது. மூணாவது வரியில ரெண்டு பேர் மாத்தி மாத்தி கால் எடுக்கணும்ங்கிற ஒரே கோரிக்கை. "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு ஒரு வரி சேர்க்கப் பாத்தார். விடலை.

மேனேஜர் உடனே ஒத்துக்கல. "குவார்ட்டர் முடியட்டும்"னார். அந்த ரெண்டு மாசமும் அண்ணாவேதான் முழிச்சார். அது எனக்கு இன்னும் கோவம்தான்.

ஒண்ணு மட்டும் பிரிச்சுச் சொல்லிடறேன். பாலியல் தொல்லைக்கு இந்த டீ குடிச்சுப் பேசற வழி வேண்டாம். 2013 சட்டப்படி பத்து பேர் வேலை செய்ற இடத்துலயே உள் புகார் குழு இருக்கணும். அங்க எழுத்துல கொடுங்க.

குவார்ட்டர் முடிஞ்சு ரொட்டேஷன் வந்துச்சு. அந்த இன்னொரு ஆள் யாருன்னு கேக்கறீங்களா? நான்தான். அந்த கம்பெனிய விட்டு வர்ற வரைக்கும் செவ்வாயும் வியாழனும் நைட்டு ரெண்டு மணி வரை முழிச்சிருந்தேன். அண்ணா அந்த ரெண்டு நாளும் ஒன்பதரைக்கே தூங்கிடுவாராம், அண்ணி சொன்னாங்க.

சரி, அடுத்த வாரம் பாப்போம்.