வதந்தியும் வாக்குச் சீட்டும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் நம் காலனியில் ஒரு பேச்சு எழுவதுண்டு: "முடிவு முன்னமே தீர்மானிக்கப்பட்டது, பத்திரிகைகளும் உடந்தை." இதை நகைத்துத் தள்ளுதலும் தவறு, கேட்டவுடன் நம்புதலும் தவறு. ஆராய்தலே முறை. அதற்கு அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டுத் தேர்தல் நல்லதோர் உரைகல்.

அந்நாட்டில் மாநிலங்கள் தனித்தனியே வாக்கெண்ணுகின்றன. நாடு முழுவதிலும் வென்றவர் யாரெனக் கணித்து முதலில் கூறுவோர் செய்தி நிறுவனத்தாரே. நவம்பர் 3இல் வாக்குப்பதிவு நிறைவுற்றது. 7ஆம் நாள் பைடன் வென்றார் என அவர்கள் அறிவித்தனர். "வெற்றியை வழங்கியவர் பத்திரிகையாளரே" என்னும் ஐயம் அங்கே முளைத்தது. ஆனால் அறிவிப்பு வேறு, எண்ணிக்கை வேறு. மாநிலங்கள் சான்றளித்த பின்னரே, டிசம்பர் 14இல் தேர்வாளர்கள் வாக்களித்தனர்.

இயந்திரங்கள் வாக்கை மாற்றின என்றும் கூறினர். ஜார்ஜியா மாநிலத்தில் ஏறத்தாழ 50 லட்சம் சீட்டுகள் கையாலேயே மீண்டும் எண்ணப்பெற்றன. வென்றவர் மாறவில்லை, இறுதி வேறுபாடு 11,779 வாக்குகள். அங்குத் தேர்தல் பொறுப்பை வகித்த மாநிலச் செயலாளரோ தோற்றவரின் கட்சியினர். சூழ்ச்சி மெய்யாயின், தம் கட்சியின் தோல்விக்கு அவரே துணைபோயிருத்தல் வேண்டும். எண்ணியோர் அனைவரும் வாய் திறவாதிருத்தல் வேண்டும். இஃது இயலுமா?

அவ்வாறாயின் ஊடகத்தின்மீது குற்றமே இல்லையா? உண்டு. இயந்திரங்களைச் செய்த டொமினியன் நிறுவனம், ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சிமீது அவதூறு வழக்குத் தொடுத்தது. தம் நிலையம் ஒளிபரப்பிய கதையை அங்கிருந்தோர் பலர் தாமே நம்பவில்லை என்பது, அவர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட செய்திகளால் வெளிப்பட்டது. 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 லட்சம் டாலர் தர இசைந்து அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. வாக்கைத் திருட ஊடகம் துணைபோயிற்று என்றார்கள். வதந்தியைப் பரப்ப ஊடகம் துணைபோனதே மெய்யாயிற்று!

நம் நாட்டிலும் 2019 பொதுத் தேர்தல் முதல் எல்லாச் சாவடிகளிலும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் உள்ளது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகின்றனர்.

ஆகவே, அன்பர்களே, இனி அப்பேச்சு எழும்போது மூன்று கேள்விகள் கேட்போம்: எண்ணிப் பார்க்கத்தக்க சான்று யாது? எத்தனை பேர் மௌனம் காத்திருக்க வேண்டும்? சொல்பவர் நீதிமன்றத்தில் உறுதிமொழியளித்துச் சொல்வாரா? கேளாமல் விட்டால், "வாக்களித்து என்ன பயன்?" என்று நம் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடுவர். அந்த இழப்பை எந்த மறு எண்ணிக்கையும் ஈடுசெய்யாது.