கணினியில் வேரோடும் களை



இராமநாதபுரக் கடற்கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டிய நாம் அறிவோம்; வேர் கிடந்தால் அது மீண்டும் தழைக்கும். கணினியில் புகும் தீய நிரலும் அத்தகையதே. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினியொன்றிலும் அது புகுந்தது.

வீட்டுக் கணினியில் அது புகுந்தால் முதலில் இணைய இணைப்பைத் துண்டிப்போம். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் இலவசமாக வழங்கும் கருவிகளால் துப்புரவு செய்வோம். அதற்கும் அடங்காவிடில், பட்டா நகல், கணக்குகள், படங்கள் ஆகியவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்து, வட்டை முற்றும் அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவோம். பென் டிரைவைச் சோதியாமல் மறுபடி செருகலாகாது. களையின் விதை அதில் ஒளிந்திருக்கக்கூடும். கடவுச்சொற்களை வேறொரு தூய கருவியிலிருந்து மாற்றுவோம். வங்கிப் பணம் பறிபோயிருப்பின் உடனே 1930 என்ற எண்ணை அழைப்போம்.

நிலத்தைப் போலவே கணினியையும் களையின்றிக் காப்போமாக!