நீலகிரியில் வீட்டுக் காய்கறித் தோட்டம்
(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



நீலகிரி ஜில்லாவில் காய்கறி பயிரிடத் தெரியாத குடியானவர் அரியர். ஆயினும் தம் வீட்டு உலைக்கென்று காய்கறி பயிரிடுகிறவர் சிலரே. காரட்டும் முட்டைக்கோஸும் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. அவற்றை விளைவித்த வீட்டிலுள்ள பெண்களோ கடைத்தெருவில் காசு கொடுத்து வாடிய காயை வாங்கி வருகின்றனர். தேயிலை வைத்திருப்போர் நிலைமை இதனினும் விசனிக்கத்தக்கது. முன்பு உருளைக்கிழங்கு விளைந்த நிலங்கள் பல தேயிலையாக மாறிவிட்டன. 1998-ம் வருஷத்திற்குப் பின் பச்சைத் தேயிலையின் விலை விழுந்தபொழுது, அத்தகைய குடும்பங்களுக்குக் கையில் காசுமில்லை, கொல்லையில் காயுமில்லை. தேயிலைக் கொழுந்தைக் குழம்பில் இட முடியாதன்றோ?

இம்மலையில் சீமைக் காய்கறிகள் வந்த வரலாறு சுருக்கமானது. கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் 1819-ம் வருஷத்தில் மலையேறி, பின்னர் உதகமண்டலத்தில் வீடு கட்டி, உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிர் செய்வித்தார். 1845-ம் வருஷத்தில் அங்கு வசித்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா வைத்து, தங்களுக்குச் சகாயமான விலையில் காய்கறி கிடைக்கும்பொருட்டு ஒரு தோட்டம் ஏற்படுத்தினர். அஃது அநுகூலப்படவில்லை. 1848-ம் வருஷத்தில் மக்ஐவர் என்பவர் சீமையிலிருந்து வரவழைக்கப்பட்டு, அவ்விடத்தில் உருவாக்கியதே இன்றைய அரசாங்கத் தாவரவியல் பூங்கா. சந்தா கட்டிவிட்டுக் காய் வருமென்று காத்திருப்பது வேறு, தன் கையால் மண்ணைக் கிளறுவது வேறு என்பதை ஐக்கிய சங்கத்தார்க்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை. அதே மலையில் 1935-ம் வருஷத்தில் ராவ் பகதூர் ஆரி கௌடர் முதலானோர் முயற்சியால் ஏற்பட்ட நீலகிரி ஐக்கிய விற்பனைச் சங்கமோ, மண்டித் தரகரிடம் அகப்பட்டிருந்த கிழங்குக் குடியானவர்களுக்குப் பேருதவி புரிந்தது. விற்பனைக்குச் சங்கம் வேண்டும். வீட்டுக் கறிக்கு 2 சென்டு நிலமும் வீட்டாரின் கையும் போதும்.

நிலத்தைத் தெரிந்தெடுப்பதில் பலர் தவறுகின்றனர். ஓடையோரப் பள்ளம் தண்ணீருக்கு வசதியாயிருப்பினும், குளிர்ந்த காற்று இரவில் சரிவு வழியே வழிந்து பள்ளத்திலேயே தங்குமாதலால், உறைபனி முதலில் விழுவது அங்கேதான். வீட்டை ஒட்டிய மேட்டுச் சரிவே மேலானது. அடுக்களையில் கழுவிய நீரும் அங்கே எளிதில் பாயும். பகல் முழுவதும் கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்கள் ஒரு குடம் தண்ணீரைத் தொலைவிலிருந்து சுமக்க வேண்டியதில்லை. இதைக் கவனியாமல் போடப்படும் தோட்டம் இரண்டு மாதத்தில் காய்ந்துபோகும். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, மேற்புறத்தில் வடிகால் வெட்டவேண்டும். இம்மலை மண் பெரும்பாலும் புளிப்புடையது. ஆகவே சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் அவசியம். ஆனால் சுண்ணாம்பைப் புதுச் சாணத்துடன் கலத்தலாகாது; எருவின் சத்து ஆவியாய்ப் போய்விடும். சில வார இடைவெளி விட்டு இடுக.

உறைபனி நின்று கோடை மழை விழும் பங்குனி, சித்திரையே ஆரம்ப காலம். பீன்ஸ், பீட்ரூட், முள்ளங்கி, காரட் ஆகியவற்றை அப்பொழுது விதைக்கலாம். முள்ளங்கி ஒன்றரை மாதத்தில் கைக்கு வரும். காரட்டுக்கு 3 மாதத்திற்கு மேற் செல்லும். ஆகையால் காரட் வரிசைகளுக்கிடையே முள்ளங்கியைப் போட்டுப் பிடுங்கிக்கொள்வது சாமர்த்தியம். வேலியோரத்தில் முளைவிட்ட மேரக்காய் ஒன்றை முழுமையாகவே நட்டுப் பந்தலேற்றினால், ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாதபடி காய்க்கும். ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவமழை உதகை, குந்தாப் பக்கங்களில் கடுமையாக இருக்கும். அக்காலத்தில் புதிதாக விதைப்பதைவிட மண் அணைத்து, வடிகாலைச் சுத்தம் செய்வதே வேலை. புரட்டாசியில் முட்டைக்கோஸ் நாற்று, நூக்கோல், பட்டாணி முதலியவற்றிற்கு இரண்டாம் முறை. குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் உண்டு. அங்கே பாத்தி வரப்புகள் உறுதியாயிருக்கவேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் உறைபனி பீன்ஸையும் மேரக்கொடியையும் கருக்கிவிடும். மேரக்கொடியைப் பிடுங்கி எறியவேண்டாம். வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். முட்டைக்கோஸும் காரட்டும் நூக்கோலும் பனியைத் தாங்கும். இளநாற்றுகளை மாலையில் காய்ந்த புல்லால் மூடி, காலையில் வெயில் ஏறியபின் நீக்கவேண்டும்.

உருளைக்கிழங்கைப் பற்றி எச்சரிக்கை ஒன்று. கிழங்கின் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு 1961-ம் வருஷத்தில் உதகைக்கருகே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டைக் கூடுகள் மண்ணில் பல வருஷம் உயிரோடிருக்கும். மண் ஒட்டிய மண்வெட்டி, சாக்கு, செருப்பு ஆகியவற்றாலும் பரவும். எனவே கடையில் வாங்கிய கிழங்கை வீட்டுத் தோட்டத்தில் நடலாகாது. நடுவதானால் 1985-ம் வருஷத்தில் வெளியிடப்பட்ட குஃப்ரி ஸ்வர்ணா போன்று புழுவை எதிர்க்கும் ரகத்தையே, 3, 4 வருஷத்திற்கொருமுறை மாத்திரம் நடுக. முட்டைக்கோஸ், நூக்கோல், டர்னிப், முள்ளங்கி நான்கும் ஒரே குலம். ஒன்று இருந்த பாத்தியில் மற்றொன்றை வைத்தால் வேர் முடிச்சு நோய் வலுக்கும். அவற்றின்பின் பீன்ஸ் அல்லது பட்டாணி வைப்பதே முறை. காட்டெருமைக்கும் முள்ளம்பன்றிக்கும் வேலி வேண்டுமென்பது இம்மலையில் யாவரும் அறிந்ததே.

பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றின் தழையைப் பலர் மாட்டுக்கு எறிந்துவிடுகின்றனர். இது பெரும் நஷ்டம். இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அளந்து, 1937-ம் வருஷத்தில் அட்டவணையாக வெளியிட்டது குன்னூரிலிருந்த உணவு ஆராய்ச்சிச் சாலையே. டாக்டர் மக்காரிஸனும் அவருக்குப்பின் டாக்டர் அய்க்ராய்டும் அதை நடத்தினர். 1958-ல் அது ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. கீரையும் தழையும் தரும் சத்துக் குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் உண்டாகும். மாட்டுக்குப் புல் இருக்கிறது. தழை முதலில் குழந்தையின் தட்டுக்கு வரட்டும்.

பீன்ஸ், பட்டாணி விதைகளை வீட்டிலேயே முற்றவிட்டு எடுத்துக்கொள்ளலாம். முட்டைக்கோஸும் நூக்கோலும் அருகருகே பூத்தால் கலப்படமாகுமாதலால் அவற்றிற்கு நம்பகமான விதையை வாங்குவதே நலம். ஒரு வீட்டுக்குத் தேவையானது சிறு பொட்டலமே. தனித்தனியே வாங்கினால் விலை அதிகம், முளைப்பும் நிச்சயமில்லை. ஒரு சங்கத்தார் அனைவரும் சேர்ந்து வாங்கினால், சங்கமே ஒரு தட்டில் நூறு விதையை ஈரத்துணியில் முளைக்கவைத்துப் பார்த்துவிட்டு விநியோகிக்கலாம். இதற்கு அங்கத்தினர் தத்தம் தேவையை மாசி மாதத்திற்குள் காரியதரிசியிடம் பதிந்துகொள்ளவேண்டும். பங்குனி மழைக்கு விதை கையில் இருக்கவேண்டுமாதலின், அதற்குப் பிந்திய மனுக்கள் புரட்டாசி விதைப்புக்கே சேர்க்கப்படும்.