முந்தி வளரும் குழந்தை

விடுமுறைக்கு நாம் ஊர் திரும்புகையில், வீட்டுப் பெரியோர் முதலில் நோக்குவது குழந்தையின் உயரத்தையே. "சென்ற ஆண்டு இடுப்பளவு நின்றவன், இப்போது மார்பளவு வந்துவிட்டானே!" என்று பாட்டி பூரிப்பாள். பெரும்பாலும் அப்பூரிப்பு தகும். ஆனால், ஆறு வயதுச் சிறுவன் ஒன்பது வயதினன்போல் நெடுகி, பருவக்குறிகளும் தோன்றுமாயின் மருத்துவரை நாடவேண்டும். இன்று முந்துகிறவன் பின்னாளில் தன் தோழரினும் குட்டையாய் நின்றுவிடக்கூடும்.

இம்முரண் விளைவதெங்ஙனம்? சிறுநீரகங்களின்மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்தவை அட்ரினல் சுரப்பிகள். உயிர்காக்கும் கார்ட்டிசால் ஹார்மோனை அவையே உண்டாக்குகின்றன. அதற்கு வேண்டிய நொதியொன்று பிறவியிலேயே குறைந்திருந்தால், கார்ட்டிசால் போதிய அளவு பிறவாது. நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல், குறைவது 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்னும் நொதியே. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, "இன்னும், இன்னும்" என்று சுரப்பியை விரட்டுகிறது. அடைபட்ட வாய்க்கால் அயல்வயலில் பாய்வதுபோல், தேங்கிய மூலப்பொருள் ஆண்மை ஹார்மோனாக மாறிப் பெருகுகிறது. அது எலும்பை விரைந்து நீட்டுகிறது. அதனினும் விரைந்து முதிர்விக்கிறது. எலும்பு முனையருகேயுள்ள குருத்தெலும்புத் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ள, வளர்ச்சி நின்றுபோகிறது.

பெண் மகவாயின் பிறப்பிலேயே உறுப்பமைப்பில் மாறுதல் தென்படுவதுண்டு. ஆண் மகவிடம் அத்தகைய அடையாளம் பெரும்பாலும் இராது. நோய் கடியதாயின் உடலில் உப்புத் தங்காமல், சில வாரங்களுக்குள்ளேயே வாந்தியும் சோர்வும் கண்டு உயிருக்கே கேடு நேரும்.

1950-இல் பால்ட்டிமோர் நகரில் லாசன் வில்கின்ஸ் என்னும் மருத்துவர் கார்ட்டிசோன் அளித்து இந்நோயை அடக்கிக் காட்டினார். இன்று வளரும் குழந்தைகளுக்கு ஹைட்ரோகார்ட்டிசோனை நாளொன்றுக்கு மூன்று வேளையாகப் பகிர்ந்தளிக்கின்றனர். இங்கேதான் இடர்ப்பாடு. மருந்து குறைந்தால் எலும்பு முதிரும். மிகுந்தால் மருந்தே வளர்ச்சியை ஒடுக்கும். ஆகையால் சிகிச்சை பெற்றோரும் சராசரியில் பிறரினும் சில அங்குலம் குறைந்தே நிற்கின்றனர். இளமையிலேயே கண்டறிந்து அளவறிந்து மருந்தூட்டப்பெற்றோர், பெற்றோரின் உயரத்தை ஒட்டி வளர்வதும் உண்டு.

ஸ்டீராய்ட் என்னும் சொல்லைக் கேட்டவுடன் அஞ்சி, மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோர் உளர். உயரம் குன்றுமே என்றஞ்சி உயிரையே பணயம் வைப்பதாகும் அது. காய்ச்சல் கண்டால் நிறுத்துவதற்கு மாறாக, மருத்துவர் எழுதித் தந்தபடி அளவை இரண்டு மூன்று மடங்காக உயர்த்தவேண்டும்.

தமிழராகிய நாம் சிறப்பாகக் கருதவேண்டிய செய்தியொன்றுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களைச் சோதித்தபோது, 5,762 பேரில் ஒருவருக்கு இந்நோய் காணப்பட்டது. சென்னையிலோ 2,036 பேரில் ஒருவருக்கு. தாய் தந்தை இருவரும் பழுதுற்ற மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நம்மிடை இருத்தலின், இருவரும் அதனைச் சுமக்க இடம் மிகுதி.

மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள், உயர அட்டவணையையும் இடக்கை மணிக்கட்டின் எக்ஸ்ரே படங்களையும் உடன் கொண்டு செல்க. எலும்பின் வயது சென்ற ஆண்டு எவ்வளவு இருந்தது என்று அறிந்தாலன்றி, புதிய ஊர் மருத்துவர் இவ்வாண்டு மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று துணிய இயலாது.