குதிகால் தசைநார் அறுந்து மாதங்கள் கடந்தால்...

"பூப்பந்து ஆடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது டாக்டர், திரும்பிப் பார்த்தால் யாரையும் காணோம்." குதிகால் தசைநார் அறுந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். நம்மவர்கள் இதை நரம்பு என்பார்கள். நரம்பு வேறு, இது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நார்.

2010 மார்ச்சில் டேவிட் பெக்காமுக்கு இது அறுந்தபோது மறுநாளே பின்லாந்தில் அறுவை சிகிச்சை நடந்தது. நாமோ சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவுகிறோம். நடக்க முடிகிறதே என்று நினைப்பு! விரல்களை மடக்கும் தசைகள் பாதத்தை ஓரளவு கீழே அழுத்திவிடும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும்.

நான்கு வாரம் தாண்டினால் பழைய அறுவு என்கிறோம். கெண்டைக்கால் தசை சுருங்கி மேல் முனையை இழுத்துக்கொள்ளும். நடுவில் பலமில்லாத தழும்புத் திசு வளரும். அதை வெட்டி எடுத்தபின் எவ்வளவு இடைவெளி என்பதே சிகிச்சையை முடிவு செய்கிறது. இரண்டு சென்டிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் நேராகத் தைக்கலாம். ஐந்து வரை என்றால் மேலே உள்ள நார்ப்படலத்தைத் தலைகீழ் 'ப' போல அல்ல, கூர்முனையாக வெட்டிக் கீழே நகர்த்தி நீட்டுவோம். அதற்கும் மேலே போனால் கட்டைவிரலை மடக்கும் தசைநாரை எடுத்துக் குதிகால் எலும்பில் துளையிட்டு, திருகால் பொருத்துவது வழக்கம். தொடையின் பின்பக்க நாரையும் ஒட்டாகப் பயன்படுத்தலாம். "கட்டைவிரல் என்னாகும்?" என்று நெறியாளர் கேட்டார். உந்தும் பலம் சற்றுக் குறையும். சாதாரண நடையில் தெரியாது.

எல்லாருக்கும் கத்தி தேவையில்லை. வீட்டளவில் நடமாடும் முதியவருக்குப் பயிற்சியும் கணுக்கால் பட்டையும் போதலாம். குதிகாலுக்கு மேலே தோல் மெல்லியது, இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் புண் ஆறாமல் போகும் ஆபத்து அதிகம். முதலில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள், சிகரெட்டை நிறுத்துங்கள் என்பேன்.

அறுவைக்குப் பின் மாவுக்கட்டு, பிறகு காலணிக் கட்டு என்று ஆறு முதல் எட்டு வாரம் போகும். ஓட்டம், விளையாட்டு என்றால் ஒன்பது மாதம், ஓராண்டு கூட ஆகலாம். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் தேதி குறிக்கும் முன்பே முதலாளியிடம் நீண்ட மருத்துவ விடுப்பு பற்றிப் பேசிவிடுங்கள்.